பத்து டாலர் ரயில்பாதை

பத்து டாலர் கொடுத்து ஒரு ரயில்பாதையை விலைக்கு வாங்கிய மனிதர் ஒருவர் இருந்தார். கதை எழுதுகிறவன் சொல்வதால் இதையும் கதைக் கணக்கில் சேர்த்துவிட வேண்டாம். பீட்டர் ஒப்லெட்ஸ் என்பது அவர் பெயர், ஊர் நியூயார்க். அவர் வாங்கியது பொருட்காட்சியில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு சுற்றுகிற பொம்மை ரயில் அல்ல. தரையிலிருந்து முப்பதடி உயரத்தில், உருக்குத் தூண்களின்மேல், கட்டடங்களுக்கு நடுவே புகுந்து செல்லும் நிஜமான ரயில்பாதை. 1984-ம் ஆண்டில் அதற்கு அவர் கொடுத்த விலை பத்து டாலர். இன்று அதே இடத்தில் இரண்டு பேர் காப்பி சாப்பிட்டால் அந்தப் பத்து டாலர் தீர்ந்துவிடும்.

வாங்கிய பாதை அவர் கையில் நிலைக்கவில்லை. பாதை மட்டும் நிலைத்தது. அதை ஒட்டி எழுந்திருக்கும் மாளிகைகளில் இன்று ஒரு வீடு வாங்க வேண்டுமானால் பத்து லட்சம் டாலர்கூடப் பல இடங்களில் போதாது. பத்து டாலர் எப்படிப் பத்து லட்சமாயிற்று, அந்த லாபம் யார் வீட்டுக்குப் போயிற்று என்பதுதான் நான் சொல்ல வந்த சரித்திரம்.

என் அக்காள் மகன் ஹட்ஸன் நதிக்கு இக்கரையில், நியூ ஜெர்ஸியில் குடியிருக்கிறான். அவன் வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு நாள் மாலை, “மாமா, ஒரு இடம் காட்டறேன், உங்களுக்குப் பிடிக்கும். ஆனா படி ஏறணும்” என்று அழைத்துப் போனான். ஆளுயரக் கண்ணாடி மாளிகைகளுக்கு இடையே இரும்புப் படிக்கட்டு ஒன்று மேலே சென்றது. ஏறிப் பார்த்தால், கால் வைக்கும் இடமெல்லாம் புல். அக்டோபர் மாதமாகையால் புல் பொன்னிறத்துக்கு வந்திருந்தது. அதன் நடுவே பழைய தண்டவாளங்கள். அவற்றின் அருகே நீண்ட பலகைகள் பாவிய நடைபாதை. அதில் உலகத்து ஜனங்கள் அத்தனை பேரும் நடந்துகொண்டிருந்தார்கள்.

“தண்டவாளத்தை ஏன் விட்டுவைத்திருக்கிறார்கள்? ரயில் வருமா?” என்று கேட்டேன்.

“கடைசி ரயில் போய் நாற்பது வருஷத்துக்கு மேல ஆச்சு மாமா” என்றான்.

அந்த இடத்துக்கு ‘ஹைலைன்’ என்று பெயர். மன்ஹாட்டன் தீவின் மேற்கு ஓரமாக ஏறக்குறைய ஒன்றரை மைல் நீளத்துக்குப் போகிறது. எங்கள் வலப்புறம் பெரிய பெரிய சிற்பிகள் கட்டிய மாளிகைகள் ஒன்றையொன்று எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றன. 26-ம் தெரு அருகே வந்ததும் அவற்றுக்கெல்லாம் சம்பந்தமில்லாதவைபோல் எதிர்ச்சாரியில் செங்கல் நிறத்தில் பழைய அடுக்குமாடி வீடுகள் தெரிந்தன. அவை ஏழைகளுக்காக நகர அதிகாரிகள் கட்டிய குடியிருப்புகள் என்று மருமகன் சொன்னான். மரத்தடியில் நாற்காலி போட்டு ஒரு முதியவர் உட்கார்ந்திருந்தார். மேலே ஊர்வலம்போல் போய்க்கொண்டிருந்த எங்களை அவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த முதியவரும் அந்தப் பொன்னிறப் புல்லும் மாறி மாறி வந்துகொண்டிருந்தார்கள். ஊர் திரும்பிய பிறகும் விடவில்லை. கிடைத்ததையெல்லாம் படித்தேன். படிக்கப் படிக்க, நான் எழுதிய நாவல்கள் எதிலும் இத்தனை திருப்பங்கள் இல்லையே என்ற பொறாமைதான் ஏற்பட்டது.

கதையைத் தரையிலிருந்து தொடங்க வேண்டும். 1847-ம் ஆண்டில் மன்ஹாட்டனின் மேற்கு ஓரத்துத் தெருக்களில் தண்டவாளம் போட நியூயார்க் நகரம் அனுமதி கொடுத்தது. வேலி கிடையாது, மதகு கிடையாது. ஜனங்கள் நடக்கிற தெருவிலேயே சரக்கு ரயிலும் போயிற்று. துறைமுகத்துக்கும் கிடங்குகளுக்கும் அது பெரிய வசதி. ஆனால் அந்தத் தெருக்களில் குடியிருந்தவர்கள் கூலிக்காரர்களும் கப்பல் துறைத் தொழிலாளிகளும். அவர்கள் வீட்டுக் குழந்தைகளுக்கு விளையாட வேறு இடம் இல்லை; தெருதான் மைதானம். வண்டிக்காரரும் கிழவர்களும் குழந்தைகளும் ரயிலில் அடிபட்டு மாண்டார்கள். அங்கே வாழ்ந்த ஜனங்கள் அந்தச் சாலைக்கு ‘மரண அவென்யூ’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். 1908-ம் ஆண்டு வாக்கில் எடுக்கப்பட்ட ஒரு கணக்கு, அரை நூற்றாண்டில் நானூறு பேருக்கு மேல் இறந்ததாகச் சொல்லிற்று. அதே ஆண்டில் நூற்றுக்கணக்கான பள்ளிக் குழந்தைகள், ரயிலால் மாண்ட தங்கள் தோழர்களுக்காகத் தெருவில் ஊர்வலம் போனார்கள்.

இதைத் தடுக்க அவர்கள் செய்த ஏற்பாடு விசித்திரமானது. ரயிலுக்கு முன்னால் ஒருவன் குதிரைமேல் ஏறிக்கொண்டு போக வேண்டும். பகலில் சிவப்புக் கொடியும் இரவில் சிவப்பு விளக்கும் ஆட்டிக்கொண்டு, “விலகு, விலகு” என்று எச்சரிக்க வேண்டும். ‘மேற்குப் பக்கத்துக் குதிரைவீரர்கள்’ என்று அவர்களுக்குப் பட்டப்பெயர். உலகத்திலேயே பெரிய நகரங்களுள் ஒன்றில், இருபதாம் நூற்றாண்டில், ராஜாவின் பல்லக்குக்கு முன்னால் கட்டியக்காரன் போவதுபோல் ரயிலுக்கு முன்னால் குதிரைக்காரன் போய்க்கொண்டிருந்தான்! அவர்களுள் கடைசி ஆள் குதிரையை விட்டு இறங்கியது 1941-ல்.

ரயிலைத் தரையிலிருந்து தூக்கிவிடுவது என்று முடிவு செய்ய எண்பது வருஷம் ஆயிற்று. 1929-ம் ஆண்டில் நகரமும் மாகாண சர்க்காரும் நியூயார்க் ஸென்ட்ரல் ரயில்வே கம்பெனியும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. பதின்மூன்று மைல் நீளத்துக்கு வேலை. தெருவை ரயில் குறுக்கிடும் 105 இடங்கள் ஒழிக்கப்பட்டன. மொத்தச் செலவு பதினைந்து கோடி டாலருக்கு மேல். அந்தப் பெருந்திட்டத்தின் தென்கோடிப் பகுதிதான் ஹைலைன். 1934-ம் ஆண்டு ஜூன் மாதம் திறந்துவைத்தார்கள். 34-ம் தெருவிலிருந்து தெற்கே ஸ்பிரிங் தெருவிலிருந்த பெரிய சரக்கு நிலையம் வரை போயிற்று.

இதற்கு முன்பே நியூயார்க்கில் தூண்கள் மேல் ஓடும் பிரயாணி ரயில்கள் இருந்தன. அவை அவென்யூவின் நடுவே, சாலைக்கு மேலேயே ஓடியவை. கீழே பகலிலும் இருட்டு; புகை, சத்தம், மேலிருந்து சொட்டும் எண்ணெய். எந்த வீட்டு ஜன்னலைத் திறந்தாலும் ரயில் பெட்டி முகத்தில் வந்து மோதுவதுபோல் இருக்கும். அந்த அனுபவத்தால் ஹைலைனைச் சாலைமேல் கட்டாமல், கட்டட வரிசைகளின் நடுவே, மனைகளின் முதுகுப்புறமாக ஊடுருவிச் செல்லும்படி கட்டினார்கள். சில இடங்களில் தொழிற்சாலையின் மாடிக்குள்ளேயே ரயில் புகுந்து, சரக்கை இறக்கிவிட்டு மறுபுறம் வெளியே வந்தது. நபிஸ்கோ கம்பெனியின் பிஸ்கட் தொழிற்சாலைக்குள் அப்படித்தான் போயிற்று. நம் வீட்டுக் குழந்தைகள் பிரித்து நக்கித் தின்கிறார்களே ஓரியோ பிஸ்கட், அது 1912-ல் பிறந்தது அந்தத் தொழிற்சாலையில்தான். பாலும் இறைச்சியும் காய்கறியும் தெருவில் ஒருவர் காலிலும் இடறாமல் மாடியோடு மாடியாக வந்து இறங்கின. இதை நினைவில் வைத்துக்கொள்ளும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: அந்தப் பாதை கட்டப்பட்டதற்கு ஒரு பெரிய காரணம், அந்தத் தெருவில் வாழ்ந்த ஏழைக் குழந்தைகளின் உயிர்.

அப்புறம் லாரிகள் வந்தன. சாலைகள் அகன்றன. இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பிறகு சரக்கெல்லாம் ரயிலை விட்டு லாரிக்கு மாறிற்று. தொழிற்சாலைகளும் ஊரை விட்டு வெளியே போயின. 1960-களில் பாதையின் தென்பகுதியை இடித்தார்கள். மீதி இருந்த பாதையில் கடைசி ரயில் 1980-ல் போயிற்று. அது இழுத்துச் சென்றது மூன்று பெட்டி உறைந்த வான்கோழிகள். சரித்திரம் சில சமயம் இப்படித்தான் கம்பீரமில்லாமல் முடிகிறது.

மனிதன் கைவிட்டதும் வேறொருவர் வேலையைத் தொடங்கினார். காற்று விதை கொண்டுவந்தது. பறவைகள் கொண்டுவந்தன. பழைய சரக்குப் பெட்டிகளிலிருந்து சிந்தியவையும் ஜல்லிக் கற்களுக்கிடையே கிடந்திருக்க வேண்டும். நட்டவர் இல்லை, நீர் வார்த்தவர் இல்லை. முப்பதடி உயரத்தில், ஒன்றரை மைல் நீளத்துக்கு ஒரு காட்டுப் புல்வெளி தானாக உண்டாயிற்று. கீழே நடந்து போகிறவர்களுக்கு அது தெரியாது. அவர்கள் கண்டது துருப்பிடித்த தூண்களையும், அவற்றின் நிழலில் ஒதுங்கிய திருட்டையும் விபசாரத்தையும்தான்.

பாதைக்குக் கீழே இருந்த நிலம் ரயில்வே கம்பெனிக்குச் சொந்தமல்ல. நிலம் ஒருவருடையது, தலைக்குமேல் ரயில் விடும் உரிமை மட்டும் கம்பெனியுடையது. நிலச்சொந்தக்காரர்களுக்கு அந்தப் பாதை பெரிய இடைஞ்சல். அது இருக்கிற வரையில் உயரமாகக் கட்ட முடியாது, நல்ல விலைக்கு விற்கவும் முடியாது. அதனாலேயே மனையை மலிவாக வாங்கிப் போட்டவர்களும் அவர்களுள் உண்டு. எல்லோரும் ஒன்று சேர்ந்து, “இடி, இடி” என்று குரல் எழுப்பினார்கள்.

அப்போதுதான் நம் ஒப்லெட்ஸ் அரங்கத்துக்கு வருகிறார். செல்ஸி வட்டாரத்தில், பாதைக்குப் பக்கத்திலேயே குடியிருந்தவர். ரயில் என்றால் உயிர். பழைய ரயில் பெட்டிகளை வாங்கிச் செப்பனிட்டு வைத்துக்கொண்டு சந்தோஷப்பட்டவர். ‘இந்தப் பாதையில் மறுபடியும் ரயில் ஓட வேண்டும்’ என்பது அவர் ஆசை. அப்போது பாதை கான்ரெயில் என்ற கம்பெனியின் வசம் இருந்தது. இடிப்பதென்றால் கோடிக்கணக்கான ரூபாய் கணக்கில் செலவு. அதைவிட யாருக்காவது தள்ளிவிடுவது மேல் என்று கம்பெனி நினைத்தது. பத்து டாலருக்குக் கைமாறிற்று.

நிலச்சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? வழக்குத் தொடுத்தார்கள். வக்கீலுக்குக் கொடுக்க அவர்களிடம் பணம் இருந்தது. இவரிடம் ஆசைதான் இருந்தது. வருஷக்கணக்காக இழுத்தடித்து, கடைசியில் அந்தக் கிரயம் செல்லாமல் போயிற்று. 1991-ல் மேலும் ஐந்து தெருக்களின் நீளத்துக்குப் பாதையை இடித்தார்கள். 1996-ல், ஐம்பது வயதில், ஒப்லெட்ஸ் காலமானார். ரயிலும் வரவில்லை, அவர் பாதுகாத்த பாதை என்ன ஆகும் என்றும் அவருக்குத் தெரியாது. ஆனால் அவர் கட்டிப்போட்ட அந்தச் சில வருஷங்கள் இல்லாவிட்டால் பிறகு காப்பாற்ற எதுவுமே மிஞ்சியிருக்காது என்பது என் எண்ணம்.

மூன்று வருஷம் கழித்து, 1999-ல், அந்த வட்டாரத்து ஜனங்களின் கூட்டம் ஒன்றில் பாதையின் கதியைப் பற்றிப் பேச்சு வந்தது. ஜோஷுவா டேவிட், ராபர்ட் ஹாமண்ட் என்ற இரண்டு இளைஞர்கள் அங்கே பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். முன்பின் தெரியாதவர்கள். ஒருவர் எழுத்தாளர், ஒருவர் வியாபாரத் துறையில் இருந்தவர். கூட்டத்தில் பாதை இருக்கட்டும் என்று சொல்கிறவர் வேறு ஒருவருமில்லை என்று கண்டு, இருவரும் ஒரு சங்கம் ஆரம்பித்துவிட்டார்கள்: ‘ஹைலைன் நண்பர்கள்’. ஜோயல் ஸ்டெர்ன்ஃபெல்ட் என்ற புகைப்படக்காரர் ஒரு வருஷம் முழுவதும் மேலே ஏறிப் பருவத்துக்குப் பருவம் அந்தப் புல்வெளியைப் படமெடுத்தார். 2001-ல் அந்தப் படங்கள் புத்தகமாக வந்தபோதுதான் நகரம் தன் தலைக்குமேல் இருந்ததைக் கண்டது. நூறு மனுக்கள் செய்யாததைச் சில படங்கள் செய்துவிட்டன.

ஆனாலும் ஆபத்து நீங்கவில்லை. 2001 டிசம்பரில், பதவியை விட்டுப் போகும் தறுவாயில், மேயர் ஜூலியானியின் நிர்வாகம் இடிப்பதற்கு ஒப்புதல் கையெழுத்துப் போட்டுவிட்டது. மறு மாதம் பதவி ஏற்ற மேயர் புளூம்பர்க் பாதையின் பக்கம் நின்றார். இவர் பெரிய வியாபாரி, கணக்குத் தெரிந்தவர். பூங்காவாக்கினால் நகரத்துக்கு வரியாக வரக்கூடிய வருமானம் செலவைவிட அதிகம் என்று நண்பர்கள் கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார்கள். பாரிஸ் நகரம் உதாரணமாகக் கண்முன் இருந்தது. அங்கே 1969-ல் கைவிடப்பட்ட ஒரு ரயில்பாதையை 1993-லேயே உயர்ந்த நந்தவனமாக மாற்றி, கீழே இருந்த வளைவுகளைக் கைவினைஞர்களின் பட்டறைகளாக்கி இருந்தார்கள்.

நிலச்சொந்தக்காரர்களின் எதிர்ப்பு எப்படி அடங்கிற்று? இங்கேதான் சரித்திரத்தின் சூட்சுமம் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

நியூயார்க்கில் ஒவ்வொரு மனைமேலும் இத்தனை சதுர அடிதான் கட்டலாம் என்று விதி உண்டு. ஒருவர் தம் அளவுக்குக் கட்டாமல் விட்டால், மீதியை அடுத்த மனைக்காரருக்கு விற்கலாம். அதாவது தம் வீட்டுக்கு மேலே இருக்கிற வெறும் ஆகாயத்தை விற்கலாம். 2005-ம் ஆண்டில் நகரம் மேற்குச் செல்ஸிக்கென்று தனி விதி செய்தது. தொழிற்சாலைகளுக்கென ஒதுக்கியிருந்த மனைகள் பலவற்றில் குடியிருப்பு கட்டலாம் என்றது. ஹைலைனுக்குக் கீழேயும் பக்கத்திலும் நிலம் வைத்திருப்பவர்கள் தங்கள் ஆகாயத்தை அடுத்த மனைக்கு மட்டுமல்லாமல், அந்த வட்டாரத்தில் உயரக் கட்டுவதற்குக் குறிப்பிட்ட இடங்களுக்கும் விற்கலாம் என்றது. அவ்வளவுதான். இருபது வருஷமாக, “இடி” என்று சொன்னவர்கள் வாய் மூடிக்கொண்டார்கள். பாதை இருந்தாலும் பணம் வரும் என்றானபின் அதை இடிக்கச் சொல்ல அவர்களுக்கென்ன பைத்தியமா? அதே 2005-ல் பாதையின் அப்போதைய உடைமைக்காரரான ஸி.எஸ்.எக்ஸ். ரயில்வே கம்பெனி அதை நகரத்துக்குத் தானமாகவே கொடுத்துவிட்டது.

அதற்கும் ஒரு சட்டம் கைகொடுத்தது. கைவிடப்பட்ட ரயில்பாதையில் ஜனங்கள் நடக்கலாம், தேவைப்பட்டால் என்றைக்காவது ரயிலைத் திரும்பக் கொண்டுவரும் உரிமையும் இருக்கும் என்று 1983-ல் அமெரிக்கா செய்த சட்டம் அது. அதன்படி பார்த்தால், பூவும் புல்லும் சூழ்ந்த ஹைலைன் சட்டத்தின் கண்ணில் இன்றும் ரயில்பாதைதான். ஒப்லெட்ஸ் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

ஜேம்ஸ் கார்னர் என்பவரின் குழுவும், டில்லர் ஸ்கோஃபிடியோ - ரென்ஃப்ரோ என்ற கட்டடச் சிற்பிகளும், பீட் ஊடால்ஃப் என்ற ஹாலந்து தேசத்துத் தோட்டக்கலைஞரும் சேர்ந்து பூங்காவை அமைத்தார்கள். தானாக முளைத்த செடிகளின் சாயலையே புதிய செடிகளைக் கொண்டு உண்டாக்கினார் ஊடால்ஃப். 2009 ஜூனில் முதல் பகுதி, 2011-ல் இரண்டாவது பகுதி, 2014-ல் மூன்றாவது பகுதி என்று திறந்தார்கள். முதல் இரண்டு பகுதிகளுக்கும் ஆன செலவு ஏறக்குறைய பதினைந்து கோடி டாலர். 1934-ல் மேற்குப் பக்கம் முழுவதற்கும் ஆன தொகையும் அதுவே! பணத்தின் மதிப்பு மாறிவிட்டதென்றாலும் எண் ஒன்றாக அமைந்தது வேடிக்கைதான். 2019-ம் ஆண்டில் மட்டும் அதில் நடந்தவர்கள் எண்பது லட்சம் பேர் வரை இருக்கும்.

கட்டடங்கள் மளமளவென்று எழுந்தன. உலகத்தில் பெயர் பெற்ற சிற்பிகள் ஃபிராங்க் கெஹ்ரி, ஜான் நூவெல், ஸாஹா ஹதீத் எல்லோருடைய கைவண்ணமும் அங்கே வந்தது. 2015-ல் விட்னி ஓவியக் காட்சிசாலை பாதையின் தென்முனையில் குடியேறிற்று. 2019-ல் வடமுனையில் ஹட்ஸன் யார்ட்ஸ் என்ற புதுநகரமே திறக்கப்பட்டது. பாதைக்கு ஐந்து நிமிஷ நடையில் இருக்கும் வீடுகளின் விலை 2003-க்கும் 2011-க்கும் இடையில் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியதாக நகரத்தின் ஒரு கணக்கு சொல்லிற்று.

மற்றொரு பக்கமும் உண்டு. பாதையின் நிழலில் கார் பழுது பார்க்கும் பட்டறைகள் இருந்தன. வாடகை ஏறியதும் அவை ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. சின்னச் சாப்பாட்டுக் கடைகளும், மலிவு வாடகைக்காக ஒரு காலத்தில் வந்த சித்திரக் கூடங்கள் சிலவும் போயின. ஒரு நூற்றாண்டுக்கு முன்பு இருநூறுக்கு மேல் இறைச்சிக் கிடங்குகள் இருந்த வட்டாரத்தில் அவற்றை இப்போது விரல்விட்டு எண்ணிவிடலாம். குறைந்த வருவாயினருக்கு வீடு கட்டுகிறவர்களுக்குச் சலுகை உண்டு என்று 2005 விதியில் எழுதித்தான் இருந்தார்கள். ஆனால் வெள்ளம் வருகிற வேகத்துக்கு அந்த வரப்பு எம்மட்டு?

அசையாமல் நின்றவை, நான் பார்த்த செங்கல் நிறக் குடியிருப்புகள். எலியட் - செல்ஸி, ஃபுல்ட்டன் என்று பெயர். நகரத்தின் உடைமையானதால் அங்கே வாடகை வருமானத்துக்கு ஏற்றபடிதான். ஆனால் மளிகை வாங்கத் தெருவில் இறங்கினால், தங்கள் ஊர் தங்கள் ஊராக இல்லை. பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. இருந்தும் பக்கத்திலேயே வாழ்ந்த அவர்களுள் பலர் அங்கே போகவில்லை. தங்களுக்காகக் கட்டப்பட்ட இடமாக அது அவர்களுக்குத் தோன்றவில்லை. 2023-ல் அந்தக் குடியிருப்புகளையே இடித்துப் புதிதாகக் கட்டும் யோசனை வெளியாயிற்று. பழைய குடிகளுக்குப் புது வீடு நிச்சயம் என்கிறார்கள். நம்பாமல் எதிர்த்து நிற்கிறவர்களும் அங்கே இருக்கிறார்கள்.

இதில் என் மனத்தைத் தொட்டது ஹாமண்டின் வாக்குமூலம். பாதையைக் காப்பாற்றிய அந்த இருவருள் ஒருவர், உலகமே பாராட்டிய பிறகு, 2017-ல் வெளிப்படையாகச் சொன்னார்: அக்கம்பக்கத்து ஜனங்களுக்காகத்தான் இதைச் செய்ய நினைத்தோம், அதில் தோற்றுவிட்டோம் என்று. பூங்கா எப்படி இருக்க வேண்டும் என்று அந்தக் குடியிருப்பு ஜனங்களைக் கேட்டோமே தவிர, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்கவில்லையே என்று வருந்தினார். வெற்றி மாலை கழுத்தில் இருக்கும்போது இப்படிப் பேச எத்தனை பேருக்கு மனம் வரும்? பிறகு அவர்கள் சங்கம் இதேபோல் பழைய பாதைகளைப் பூங்காவாக்க முயலும் ஊர்களை ஒன்று சேர்த்து, தங்கள் தவற்றைச் சொல்லிக்கொடுக்கவும் முன்வந்தது.

அப்படியானால் பாதையை இடித்திருந்தால் ஏழைகள் பிழைத்திருப்பார்களா? அதற்கும் நியூயார்க் சரித்திரமே பதில் சொல்கிறது. மன்ஹாட்டனின் கிழக்குப் பக்கம், மூன்றாம் அவென்யூவின்மேல் ஓடிய பிரயாணி ரயிலை 1955-ல் நிறுத்தி, பாதையை அடியோடு இடித்தார்கள். தெருவில் வெயில் விழுந்தது. வெயில் விழுந்ததும் நிலத்தின் விலை ஏறிற்று. மலிவான பழைய வீடுகளும் சாராயக் கடைகளும் இருந்த இடத்தில் வானளாவிய அலுவலகங்கள் எழுந்தன. அங்கே இடித்ததால் ஏழை வெளியேறினான். இங்கே இடிக்காததால் வெளியேறினான். ஆகவே குற்றம் தூணிலும் இல்லை, புல்லிலும் இல்லை. எந்த மனையில் யார் எவ்வளவு கட்டலாம், அதனால் வரும் லாபத்தில் யாருக்குப் பங்கு என்று காகிதத்தில் எழுதுகிறார்களே, அந்த எழுத்தில் இருக்கிறது. பூங்காவின் படங்களை ஜனங்கள் பார்த்தார்கள். அந்தக் காகிதத்தைப் படித்தவர்கள் மனைக்காரர்கள்.

சிகாகோ நகரம் 2015-ல் இதேபோல் ஒரு பழைய ரயில் மேட்டில் இரண்டே முக்கால் மைல் நீளத்துக்கு நடைபாதை திறந்தது. சுற்றுப்புறத்தில் வீட்டு விலை ஏறி, பழைய சிறு வீடுகளை இடிக்கத் தொடங்கினார்கள். 2021-ல் நகரசபை விழித்துக்கொண்டு, அந்த வட்டாரத்தில் வீட்டை இடிப்பவர்களுக்குக் கனத்த கட்டணம் விதித்தது. ஆறு வருஷம் தாமதம். செடி நடுவதற்கு முன்னால் அந்த உத்தரவு பிறந்திருந்தால் எத்தனை குடும்பங்கள் ஊரை விட்டுப் போகாமல் இருந்திருக்கும் என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

அன்று மாலை பாதையின் வடமுனைவரை நடந்துவிட்டு ஒரு பெஞ்சியில் உட்கார்ந்தோம். சூரியன் நதிக்கு அப்பால் இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து மாளிகை ஒன்றைக் காட்டி, “இதில் என்ன வாடகை இருக்கும்?” என்று மருமகனைக் கேட்டேன்.

“என் சம்பளத்துல பாதிக்கு மேல போயிடும் மாமா. அதனாலதான் ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கேன்” என்றான்.

கம்ப்யூட்டர் உத்தியோகம் பார்க்கிற, கை நிறையச் சம்பளம் வாங்குகிறவனே நதியைக் கடந்து போக வேண்டியிருக்கிறது. பட்டறையில் எண்ணெய்க் கையோடு நின்றவன் எந்த நதியைக் கடந்து எங்கே போனானோ?

திரும்பும்போது மறுபடியும் 26-ம் தெருவைக் கடந்தோம். மரத்தடியில் நாற்காலி இருந்தது. முதியவர் உள்ளே போய்விட்டிருந்தார். எழுபது எண்பது வயது இருக்கும் அவருக்கு. இந்தப் பாதையில் பிஸ்கட்டுக்கு மாவும் கடைக்குப் பாலும் ரயிலில் வந்ததைச் சிறுவனாக இருந்தபோது பார்த்திருப்பாரோ என்று நினைத்தேன். அந்த நாளில் அந்த ரயில் அவர் தெருவில் இல்லாமல் மாடியில் போனது, அவரைப் போன்ற பிள்ளைகள் பிழைத்திருக்க வேண்டும் என்பதற்காக. நான் மேலேயிருந்து அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் வந்த கூட்டம் தள்ளிற்று. “வாங்க மாமா, இருட்டப்போகுது” என்று மருமகன் என் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு படி இறங்கினான்.